பத்து மணிக் காற்று

அங்கம்மாள் டீச்சர் இறந்துபோன செய்தி எனக்கு ஓர் அழைப்பிதழின் வடிவில் வந்து சேர்ந்தது. ஒரு மேல்முறையீட்டுக்காகச் சென்னையில் பல நாள் தங்கிவிட்டு அன்றுதான் சேலம் திரும்பியிருந்தேன். மேசையில் குவிந்திருந்த காகிதங்களுக்கு மேலே, இந்த யுத்த காலத்தில் எங்கே கிடைத்ததோ என்று வியக்கும்படியான கெட்டி அட்டையில், பொன்னிற எழுத்தில் அது கிடந்தது. 'பெண் கல்வியின் சுடர்விளக்கு அமரர் அங்கம்மாள் அவர்களின் திருவுருவப் படத் திறப்பு மற்றும் நினைவு மண்டப அடிக்கல் நாட்டு விழா.' தலைமை, எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சூளையின் முதலாளி. இடம், நெசவாளர் பாவடி. நேரம், காலை பத்து மணி.

அமரர் என்ற சொல்லைப் பார்த்தபோதுதான் அவர் இறந்தது எனக்குத் தெரிந்தது. பத்து மணி என்ற சொல்லைப் பார்த்தபோது, துக்கத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். அவரை அறிந்த உங்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேடையில் வரிசையாக உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருக்கிறது; மீதிப் பேருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அன்று மாலையே செங்கோடன் வந்தார். ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில், பாவடித் தெரு நெசவாளர்களுக்குப் பெரியதனக்காரர் அவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"தந்தி குடுக்கலாம்னுதான் போனமுங்க வக்கீலய்யா. பட்டணத்துல எந்த ஊட்டுல இருக்கறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க."

"கடைசியில் எப்படி இருந்தார்?"

"இருமிக்கிட்டேதானுங்க இருந்தாங்க. அன்னிக்கு விடியறதுக்கு முந்தி, என்னைப் பாவடிக்குத் தூக்கிட்டுப் போங்கடான்னாங்க. கட்டலோட தூக்கிட்டு வந்தமுங்க. புகை தரையோட கெடந்துதுங்க. மூஞ்சியில துணியக் கட்டிக்கங்க டீச்சர்னேன். 'நீ கட்டிக்கிட்டியாடா?'ன்னாங்க. நான் எங்கீங்க கட்டறது, ரெண்டு கையிலயும் பாவுக் கஞ்சி. 'அப்ப எனக்கெதுக்கு?'ன்னுட்டாங்க."

பிறகு நான் அழைப்பிதழைக் காட்டினேன்.

"மண்டபம் கட்டுகிறார்களாமே?"

"ஆமாங்க. சுண்ணாம்பு பூராவும் முதலாளியே குடுக்கறாராமுங்க. தருமமா." செங்கோடன் சிரிக்கவில்லை. "அடிக்கல்லுல வெட்டறதுக்கு நாலு வரி நீங்க எழுதித் தரோணும்னு சொல்லியனுப்பியிருக்கறாங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

நாலு வரியில் அடங்கும் பெண்மணி அல்லர் அவர். ஆகவே இதை எழுதுகிறேன்.

குமாரபாளையத்து நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அங்கம்மாள். விவரம் தெரியும் முன்பே மணமாகி, விவரம் தெரியும் முன்பே தாலியிழந்தவர். அவருடைய தகப்பனார் ஊர்ப் பேச்சுக்குச் செவி கொடாமல் மகளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். பி.ஏ., எல்.டி. பட்டங்களோடு திரும்பி வந்தவர், எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்க அமர்ந்தார். பாவடித் தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் கொண்டார். வெள்ளைச் சேலை, கண்ணாடி, வெடுக்கென்ற பேச்சு. அவரைக் கண்டால் பள்ளிக் கமிட்டியார் தெருவின் எதிர்ப்புறம் மாறி நடப்பார்கள் என்று ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அது வேடிக்கை மட்டும் அன்று, நானே கண்டிருக்கிறேன்.

யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு மாசி மாதத்தில், அவரும் செங்கோடனும் என் அறைக்கு வந்தார்கள். செங்கோடன் ஒரு சேலையை விரித்தார். அரக்குச் சிவப்பில் அங்கங்கே தேமல் படர்ந்தது போல வெளிறியிருந்தது. இப்படியே ஒவ்வொரு சேலையும் போவதாகவும், சேலத்து வியாபாரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதாகவும், இனித் தெருவுக்கு நூலே தர முடியாதென்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நூல் வராவிட்டால் அந்தத் தெரு கலைந்துபோகும். அதைவிடவும் அவரைத் தின்ற விஷயம் வேறு. "எங் கையில சாயம் நிக்கலையாமுங்க. கைராசி போயிருச்சாம். எங்கப்பன் காலத்துலயிருந்து காச்சற சாயமுங்க சாமி இது."

அங்கம்மாள் குறுக்கிட்டார். "கையும் போகலை, ராசியும் போகலை. சூளைச் சுண்ணாம்புத் தூள் ஈரப் பாவுல உக்காருது. சாயத்தைத் திங்குது. அதை நிரூபிக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம்."

ஊரின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே, கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்று ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் சூளை. சங்ககிரிப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் கல்லை இரவெல்லாம் வேகவைத்து, வெயிலின் வெக்கைக்கு அஞ்சி, விடியும் முன்பு அடியிலிருந்து சுண்ணாம்பை இழுத்துக் கொட்டிச் சலிப்பார்கள். கரட்டிலிருந்து இறங்கும் ஓடை, பாவடித் தெருவை ஒட்டிக் கிழக்கே போகிறது. தெருவின் நடுவே உள்ள பாவடி என்ற நீண்ட வெளியில்தான் நெசவாளர்கள் பாவு எனும் நெடுக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி நீவுவார்கள். வெயிலும் காற்றும் பட்டால் கஞ்சி சட்டென்று இறுகி நூல் முறியும். எனவே அவர்களும் விடியும் முன்பே வேலையை முடிப்பார்கள். சூளை ஆட்களும் நெசவாளர்களும் ஒரே காரணத்துக்காக ஒரே பொழுதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நான் வக்கீல். எதிர்த்தரப்பு என்ன கேட்குமோ அதை முதலில் நானே கேட்பது என் வழக்கம். "மாசியில் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. சூளை மேற்கே இருக்கிறது. புகை எதிர்க்காற்றில் எப்படி ஊருக்குள் வரும்?"

"வீசற காத்தை மட்டும் காத்துன்னு நினைக்கிறீங்க," என்றார் அங்கம்மாள். "ராத்திரி கரடு குளிர்ந்துபோகுது. அதைத் தொட்டுக்கிட்டிருக்கிற காத்தும் குளிர்ந்து கனத்துப் போகுது. கனத்தது கீழே இறங்கத்தானே செய்யும்? ஓடை வழியா, தண்ணி இறங்கற மாதிரியே இறங்குது. இலை அசையாது. ஆனா காத்து நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

செங்கோடனுக்கு இது பிடிக்கவில்லை. தேமல் விழத் தொடங்கியதும் தெரு கூடிப் பேசி, காற்று சிறிதும் அசையாத பொழுதாகப் பார்த்து, பாவு நீட்டும் வேலையை இன்னும் முன்னதாகத் தள்ளிவைத்திருந்தார்கள். அசையாத காற்று சுத்தமான காற்று என்பது தலைமுறையாக அவர்கள் நம்பிய விஷயம். தள்ளத் தள்ளத் தேமல் அதிகமாயிற்று.

"என்னங்க டீச்சர் இப்படிச் சொல்றீங்க? காத்தடிச்சாத்தானுங்க தூசி வரும்?"

"உன் சாயக் கொப்பரையை எடுத்துக்க. அடியில தீ எரிஞ்சா சாயம் என்ன பண்ணும்?"

"கொதிச்சு மேலயுங் கீழயுமாப் பொரளுமுங்க. நல்லாக் கலக்கும்."

"தீயை அணைச்சிட்டா?"

"அடியில தங்கிரும்."

"அவ்வளவுதான். ஊர்தான் கொப்பரை, தரைதான் அடுப்பு. வெயில் ஏறினாத் தரை சுடும், காத்துப் பொரளும், புகை மேலே போயிரும். விடியறதுக்கு முந்தி அடுப்புல தீ இல்லை. போட்ட புகை போட்ட இடத்துல, அடியிலயே கிடக்கும். நீ அந்த அடிவண்டல்ல கொண்டுபோய் நூலை நீட்டறே."

செங்கோடன் நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நாங்களேதானுங்க போய்த் தலையக் குடுத்திருக்கறம்," என்றார்.

"தலையைக் குடுத்தது நீங்க. வெட்டறது அவங்க. ரெண்டையும் ஒண்ணாக்காதே," என்றார் அங்கம்மாள்.

அன்று அவர் கடலைப் பற்றியும் சொன்னார். சென்னையில் படித்த காலத்தில் கடற்கரைக்குத் தனியே போனதற்காக விடுதியில் தண்டனை பெற்றவர் அவர். 'கடலும் அடுக்கடுக்காத்தான் கிடக்குது. மேலே இருக்கிறது வெயில் பட்ட தண்ணி, அடியில இருக்கிறது குளிர்ந்த தண்ணி. ரெண்டும் சுலபத்துல ஒண்ணோடொண்ணு பேசாது. புயல் வந்து உலுக்கினாத்தான் கலக்கும். நம்ம ஊருக்குத் தினமும் ஒரு புயல் வருது. அதுக்குப் பேர் சூரியன்.' இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை இன்று படமாகத் திறக்க முடியுமானால், அந்த விழாவுக்கு நானே தலைமை தாங்குவேன்.

மனு போட்டோம். விசாரணைக்குச் சப் கலெக்டர் வந்தார். வெள்ளையர் அல்லர், எங்கள் நாட்டவர், இளையவர், யோக்கியர். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முதல் நாள் சூளை முதலாளி வீட்டில் சிற்றுண்டி முடித்துக்கொண்டு சுமார் பத்து மணிக்குப் பாவடிக்கு வந்தார். வானம் நீலமாக இருந்தது. சூளைப் புகை நேராக மேலே ஏறி, மேற்கே சாய்ந்து, எங்கோ கரைந்தது. அதிகாரி கைக்குட்டையை உயர்த்திக் காற்றின் திசையைப் பார்த்தார்.

"புகை இங்கே வரவே இல்லையே, அம்மா?"

"இப்ப வராதுங்க. விடியறதுக்கு முந்தி வந்து பாருங்க."

பக்கத்தில் நின்ற முதலாளி புன்னகை செய்தார். "டீச்சருக்குப் புகை கூட மணி பார்த்துத்தான் வருதுங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். எனக்கு அன்று தெரிந்த விஷயம் ஒன்று: அரசாங்கத்தின் கண்கள் பத்து மணிக்குத்தான் திறக்கின்றன; எல்லாக் குற்றமும் காற்றில் கலந்து தடயமற்றுப் போன பிறகு. அந்தக் கண்கள் பொய் சொல்வதில்லை. பார்த்ததைத்தான் எழுதுகின்றன. அதனால்தான் அவை பொய்யைவிடக் கொடியவை.

அதிகாரி அன்றிரவு, பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் தங்குவதாகவும், மறுநாள் காலை உத்தரவை எழுதிவிட்டுப் புறப்படுவதாகவும் தெரிந்தது. பாவடியின் கிழக்குக் கோடியில், ஓடைக்கரையில் இருக்கிறது அந்தப் பங்களா.

அது வெள்ளிக்கிழமை. தெருப் பெண்கள் பாவுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தார்கள். சாயம் நில்லாமல் போனது கண் பட்டதால்தான் என்று நம்பி, வெள்ளிதோறும் பாவடிக்கு ஆரத்தி சுற்றுவது அப்போது அவர்களுக்கு வழக்கமாகியிருந்தது. செங்கோடனின் மனைவி பழனியம்மாள் தட்டில் மஞ்சள் நீரை ஊற்றி, விரல் நுனியால் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தார். மஞ்சள் நீர் சிவந்தது. பார்த்துக்கொண்டிருந்த அங்கம்மாள் என் பக்கம் திரும்பினார். உலகத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் ஆரத்தித் தட்டை அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

"பழனி, ஊட்டுல மஞ்சள் எவ்வளவு இருக்குது?"

"எதுக்குங்க டீச்சர்?"

"ஒரு பாவு முழுக்க மஞ்சள்ல நனைக்கணும். விடியறதுக்கு முந்தி கஞ்சி போட்டு நீட்டணும். நம்ம இடத்துல வேண்டாம். பங்களா வாசல்ல நீட்டலாம்."

பழனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "மஞ்ச நூலு செவந்து போனா அபசகுனமுங்க!"

"செவக்கணும்னுதாண்டி நனைக்கறோம். யாருக்கு அபசகுனம்னு நாளைக்குப் பாக்கலாம்."

தெரு முழுவதும் மஞ்சள் அரைத்தது. ஒரு நூற்கற்றையை மட்டும் அதே மஞ்சளில் அதே கஞ்சியில் நனைத்து, பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் வேடு கட்டி மூடினார் அங்கம்மாள். எதற்கு என்று கேட்டேன். "எதிர்க்கட்சி வக்கீல் மஞ்சள்லயே சுண்ணாம்பு கலந்துட்டாங்கன்னு சொல்வாரே. நீங்களா இருந்தாச் சொல்லமாட்டீங்களா?" என்றார். சொல்லியிருப்பேன்.

கிழக்கு வெளுக்கும் முன்பு, பங்களாவின் வாசற்படியிலிருந்து ஓடை மதகு வரை மஞ்சள் பாவு நீண்டு நின்றது. இருபுறமும் ஆணும் பெண்ணுமாகத் தெரு முழுவதும் நின்றது. ஓர் இலையும் அசையவில்லை. கரட்டடியில் சூளையாட்கள் சுண்ணாம்பு இழுக்கும் ஓசை கேட்டது. சற்றைக்கெல்லாம் ஓடைப் பள்ளத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெண்மை படர்ந்து வந்தது. வந்தது என்று கூடச் சொல்ல முடியாது; பார்த்தபோது இருந்தது.

அதிகாரி பல்பொடி டப்பாவோடு கதவைத் திறந்தார். வாசலில் மஞ்சள் நூலும் மனிதர்களும்.

"என்ன இது? யார் இங்கே இதைக் கட்டச் சொன்னது?"

"நான்தானுங்க," என்றார் அங்கம்மாள். "பகல்ல வந்து பாத்துச் சொன்னீங்க. சரி. இப்பவும் பாத்துட்டுச் சொல்லுங்க."

"காற்றே இல்லையே?"

அங்கம்மாள் சாம்பிராணி போட்ட தூபக்காலைத் தரையில் வைத்தார். புகை ஒரு சாண் எழும்பியது. பிறகு ஏதோ கூரையில் முட்டியது போல மடங்கி, தரையோடு தரையாக, அதிகாரியின் வெறுங்காலைத் தாண்டிக் கிழக்கே ஊர்ந்து போனது.

"வீசலீங்க. நடக்குது," என்றார்.

அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது இருமினார். பாவில் முதலில் ஒரு புள்ளி சிவந்தது. பிறகு பத்து, பிறகு கணக்கில்லை. நூலுக்கு அம்மை வார்த்தது போல இருந்தது. பழனியம்மாள் கண்களை மூடிக்கொண்டு மாரியம்மனை அழைத்தார். செங்கோடன் அழுதார். தன் கையில் குற்றமில்லை என்று ஒரு மனிதன் அறியும்போது அழும் அழுகையை நான் நீதிமன்றங்களில் பார்த்ததுண்டு. அன்று தெருவில் பார்த்தேன்.

அதற்குள் ஓடி வந்திருந்த சூளைக் கணக்குப்பிள்ளை, எதிர்பார்த்தபடியே, "மஞ்சள்லயே சுண்ணாம்பைக் கலந்திருக்கறாங்க எஜமான்," என்றார். அங்கம்மாள் பானை வாயில் கட்டிய துணியை அவிழ்த்தார். உள்ளே நூல் கொன்றைப் பூ நிறத்தில் இருந்தது.

அத்தோடு அவர் விடவில்லை. வெயில் ஏறும்வரை அதிகாரியை அங்கேயே நிற்க வைத்தார். காலை வெயில் கரட்டின் முதுகைத் தொட்டுத் தரைக்கு இறங்கியதும், படிந்திருந்த வெண்மை மெல்லக் கலைந்து, புரண்டு, எழுந்து, மறைந்தது. தூபக்காலின் புகை தலைக்கு மேல் சுருண்டு ஏறியது. "அடுப்புப் பத்திக்கிச்சு," என்றார் செங்கோடன். அதிகாரிக்கு அது புரியவில்லை, எங்களுக்குப் புரிந்தது.

அங்கம்மாள் கேட்ட நிவாரணம் எவ்வளவு சிறியது என்பதை மறக்காதீர்கள். சூளையை மூடு என்று அவர் கேட்கவில்லை. "அவங்களும் பிழைக்கட்டும். வெயில் ஏறினப்புறம் சுண்ணாம்பை இழுக்கட்டும். சூளையாளுங்களுக்கு வெக்கை தாங்காதுன்னா நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டுக் குடுக்கட்டும்." இவ்வளவுதான். சில நாழிகைப் பொழுது, ஒரு கொட்டகை. உத்தரவு அப்படியே வந்தது. அந்த ஆண்டு முதல் பாவடித் தெருவின் சேலைகளில் தேமல் இல்லை. வியாபாரி தானே வண்டி அனுப்பினார்.

முதலாளி கொட்டகை போட்டார். வேறு விதத்திலும் பதில் சொன்னார். அவர் பள்ளிக் கமிட்டியில் அங்கத்தினர். தலைமையாசிரியைப் பதவி அங்கம்மாளுக்கு வர வேண்டிய வேளையில், நடுத்தெருவில் நூல் கட்டி அதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பெண்மணி அப்பதவிக்குப் பொருத்தமற்றவர் என்று கமிட்டி தீர்மானித்தது. வெளியூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நான் வழக்குத் தொடரலாம் என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "எழுப்பினதுதான் குத்தம்னா, தூங்கினதுக்கு என்ன பேருங்க?" என்று கமிட்டியில் நேரில் கேட்டுவிட்டு வந்ததே போதும் என்றார். கடைசிவரை சாதாரண ஆசிரியையாகவே இருந்தார். இன்று அவரைப் பெண் கல்வியின் சுடர்விளக்கு என்று அச்சிட்டிருப்பது அதே கமிட்டி.

ஒரு முறை நான் அவரிடம், "வெயில் ஏறிப் புகை கலந்து போய்விட்டால் யாருக்கும் தீங்கில்லை அல்லவா?" என்று கேட்டேன். பள்ளி முடிந்து இருவரும் பாவடி வழியாக நடந்துகொண்டிருந்தோம். அவர் நின்றார்.

"கலந்துபோனா இல்லாமப் போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. இங்க ஏறினது பனமரத்துப்பட்டி ஏரிமேல எறங்கும், அங்க தப்பினது கடலுக்குப் போகும். கலக்கறதுங்கறது மன்னிக்கறது இல்லை. பங்கு பிரிக்கறது. எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் வாங்கிக்கறதால யாருக்கும் தெரியறதில்லை. என் தெரு மட்டும் முழுப் பங்கையும் வாங்கணுமான்னுதான் நான் கேட்டேன்."

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. பழைய உத்தரவு கிடப்பில் போடப்பட்டு, சூளை எந்நேரமும் இயங்கலாம் என்று அனுமதி தரப்பட்டது. விடியும் முன்பு சுண்ணாம்பு இழுப்பது மறுபடி தொடங்கியது. நிழற்கொட்டகையைப் பிரித்து விறகு வைக்கும் இடத்துக்குக் கூரையாக்கினார்கள். பாவடியில் தேமல் திரும்பி வந்தது; இம்முறை இருமலும் வந்தது. அங்கம்மாள் மனுவுக்கு மேல் மனு எழுதினார். நானும் கையெழுத்திட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பகல் நேரப் பரிசோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை. அந்த இளைய அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். வேறொருவர் பத்து மணிக்கு வந்து போனார்.

தெருவை விட்டு என் வீட்டின் பக்கத்தில் குடி வந்துவிடுங்கள் என்று நானும் என் மனைவியும் கேட்டோம். "நான் இங்க இருந்து எழுதினா மனு. அங்க வந்து எழுதினா அனுதாபம்," என்றார். நாங்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

அவருடைய சாவுக்குச் சூளைதான் காரணம் என்று நான் எழுதவில்லை. நிரூபிக்க முடியாததை எழுதுவது என் தொழிலில் வழக்கம் இல்லை. அவர் ஓடைக்கரைத் தெருவில் குடியிருந்தார், விடியற்காற்றைச் சுவாசித்தார், மார்பு நோயில் இறந்தார். இந்த மூன்று வாக்கியங்களும் தனித்தனியே உண்மையானவை. அவற்றை இணைக்க வேண்டியவர்கள் பத்து மணிக்கு எழுந்திருக்கிறார்கள்.

இப்போது மண்டபம். அவர் எந்தத் தூளை எதிர்த்து நின்றாரோ அந்தத் தூளைக் குழைத்துப் பூசிய சுவரில், அவர் எந்தக் கையை நாடறிய நிறுத்திக் கேள்வி கேட்டாரோ அந்தக் கை, அவர் படத்துக்கு மாலை போடப் போகிறது. எதிர்த்தவரைக் கல்லில் வைத்துவிட்டால் எதிர்ப்பும் கல்லாகிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. பத்து மணிக்கு வெயில் ஏறியிருக்கும். பாவடியில் புகை இருக்காது. வானம் நீலமாக இருக்கும். யார் புகை, யார் மூச்சு என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் கலந்திருக்கும். அவர் பெயரும் அவர்கள் பெயரும் அப்படிக் கலந்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த விழா. கலக்கறதுங்கறது மன்னிக்கறது இல்லை, டீச்சர். நினைவில் வைத்திருக்கிறேன்.

பாவடித் தெரு கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறது. விழா நாளன்று விடியும் முன்பு, அடிக்கல்லுக்கு வெட்டிய குழியின் இரு பக்கமும், பாவடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மஞ்சள் பாவு நீட்டப்படும். பழனியம்மாள் மஞ்சளுக்குச் சொல்லிவிட்டார். அபசகுனம் பற்றி இம்முறை அவர் பேசவில்லை. முதலாளியும் கமிட்டியாரும் கார்களில் வந்து இறங்கும்போது அந்தப் பாவு அங்கேதான் நிற்கும், எந்த நிறத்தில் நிற்க வேண்டுமோ அந்த நிறத்தில். அவிழ்க்கச் சொல்லிப் போலீசாரை அழைத்தால், அவிழ்ப்பதற்கு என்ன சட்டம் என்று கேட்க நான் அங்கே இருப்பேன். வேடு கட்டிய பானையும் இருக்கும்.

அடிக்கல்லுக்குக் கேட்ட வரிகளையும் தருகிறேன். நான்கு வேண்டாம், ஒன்று போதும்: 'இவர் விடியலில் வந்து பார்க்கச் சொன்னார்.' இதை வெட்ட மனமிருந்தால் வெட்டட்டும்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மாசி மாதத்துப் பாவிலிருந்து அறுத்தெடுத்த ஒரு முழ நூல். என் சட்டப் புத்தகங்களுக்கு மேல் கிடக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக இருந்தது, இப்போது இரண்டும் மங்கிவிட்டன. நூல் மங்கலாம். நான் உண்மையில் வைத்துக்கொண்டிருப்பது அவர் கொடுத்த பொழுது. எந்தச் சாட்சியைக் கேட்டாலும், எந்த அறிக்கையைப் படித்தாலும், இதை எந்நேரத்தில் பார்த்தாய் என்று முதலில் கேட்கிறேன். பதில் வராத இடத்தில் அவர் குரல் கேட்கிறது.

பத்து மணிக்கு வருகிறவர்கள் வரட்டும்; அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. அவரை அறிந்தவர்களே, நீங்கள் விடியும் முன்பே வந்துவிடுங்கள். நிற்க இடம் இருக்கிறது. இருமல் வரும். முகத்தில் துணி கட்டாமல் வாருங்கள்.